அரைப்பேர்

கிளப்பின் கண்ணாடி அலுமாரியில்
கோப்பை முதுகு காட்டி நின்றது.
பில்லியர்ட்ஸ் மேசைக்குப் படங்கு போர்த்தி
அதன்மேல் சதுரங்கப் பலகைகளைப் பரப்பியிருந்தார்கள்.
நுவரெலியாவில் அன்று மூடுபனி,
பகல் ஒரு மணிக்கும் விளக்கு.

நான் போனது அரைப்பேருக்கு.
விடியக் கொழுந்தெடுத்து நிறுவைக்கு வந்தால்
தண்ணி என்று நாலு கிலோவைக் கழித்துவிட்டு
கிளார்க்கர் ஏட்டில் என் பேருக்கு நேரே
அரை போட்டார்.
காரணம்? என்றார்.
செஸ் என்றேன்.
சுகமில்லை
என்று எழுதிக்கொண்டார்.

கடைசிச் சுற்றில் எதிரே கண்டி ஹிருணி,
வங்கியில் வேலை.
இரண்டு பேனா, ஒரு சுடுதண்ணிப் போத்தல்.
அவள் தமிழில் வணக்கம் சொன்னாள்,
நான் சிங்களத்தில் திருப்பிச் சொன்னேன்.
பிறகு மூன்று மணி நேரம்
எங்களுக்கு நடுவில் பேசியது கடிகாரம் மட்டும்.

இலைக்கறை ஏறிக் கறுத்த விரலால்
வெள்ளைக் குதிரையைத் தொட்டபோது
அவள் காயைப் பார்க்கவில்லை,
விரலைப் பார்த்தாள்.
அந்தக் குதிரையை அவள் பார்க்காமல் விட்டதை
நான் பார்த்துக்கொண்டேன்.

பதினெட்டாவது நகர்வில் யானையைக் கொடுத்தேன்.
வயிறு கலங்கியது.
கழிவு என்று பிடுங்கத்தான் எனக்குப் பழக்கம்,
நானாய்க் கொடுத்துப் பழக்கமில்லை.

சிப்பாய் ராணியாகும் என்றுதானே காத்திருக்கிறீர்கள்?
ஆகவில்லை.
ஏழாம் வரிசை வரை போய், ஒரு கட்டம் மிச்சமிருக்க,
அங்கேயே செத்தது.
அதைத் தின்னப் போன மந்திரி
திரும்பி வருவதற்கு வழியில்லை.
குதிரை இரண்டு தாவலில்
ராஜாவின் வாசலுக்கு வந்திருந்தது.

ஹிருணி கடிகாரத்தை நிறுத்திக் கை நீட்டினாள்.
அவள் கையும் என் கை மாதிரியே
சில்லிட்டிருந்தது.

செயலாளர் கோப்பையைத் திருப்பிக் காட்டினார்.
ஆயிரத்துத் தொளாயிரத்து இருபத்து நாலு,
மிஸிஸ் ஆர். எச். குரோஷா.
அடுத்த வருசமும் அவளே.
பிறகு மிஸிஸ் டி. எல். ஹார்வுட்.
முப்பத்தொன்றில் மட்டும் ஒரு மிஸ்,
சொந்தப் பேரோடு, வின்ஃபிரெட்.
முப்பத்தெட்டுக்குக் கீழே வெறும் வெள்ளி.

ஆர். எச். அவளா என்று கேட்டேன்.
இல்லை, புருஷன்.
அவள் பேர்?
செயலாளர் கோப்பையின் அடியைக்கூடத்
தூக்கிப் பார்த்தார்.

இரண்டு வருசம் சாம்பியன்,
அவளுக்கும் போட்டிருக்கிறார்கள் அரைப்பேர்.

ஆர். எச். எந்தத் தோட்டத்துத் துரையோ,
எங்கள் ஆட்களில் எத்தனை பேருக்குப் பேர் வெட்டினானோ.
அதை மறந்துவிட்டு இதைச் சொல்லவில்லை.
அவள் அந்த வீட்டில் தேநீர் குடித்தாள்,
அதைப் பறித்த கையைப் பார்த்திருக்க மாட்டாள்.
ஆனாலும் இந்தப் பெரிய கண்ணாடிச் சன்னலோரம்
என்னைப் போலவே நகத்தைக் கடித்துக்கொண்டு
ஒரு குதிரைக்காக அவள் காத்திருந்திருப்பாள்.
பஸ்ஸில் வரும்போது
எட்வினா, மார்ஜரி, டோராத்தி என்று
ஒவ்வொன்றாய் வைத்துப் பார்த்தேன்.
எதுவும் பொருந்தவில்லை.

பேர் வெட்டும் செலவு வென்றவளுக்காம்.
கடைக்காரர் கேட்டார்,
இங்கிலீசில் என்றால் மெஷின் வெட்டும்,
தமிழென்றால் கையால், எழுத்துக்கு நூறு.
சுருக்கிப் போடலாமே,
அப்பா பேரில் ஒரு எழுத்து, உன் பேரில் ஒரு எழுத்து.

புஷ்பலீலா.
விரல் விட்டு எண்ணினேன், ஐந்து.
அரை நாள் சம்பளத்துக்கு மேலே வந்தது.
புள்ளிக்கும் காசா என்று கேட்டேன்.
சிரித்துவிட்டு, புள்ளி சும்மா என்றார்.

வெட்டி முடியும் வரை பக்கத்திலேயே நின்றேன்.
வெள்ளித்தூளை ஊதிக் கோப்பையை நீட்டினார்.
ஷ மேல் புள்ளி இல்லை.
சொன்னேன்.
மூக்குக்கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டு
ஒரே தட்டில் வைத்தார்.